பத்து மூச்சு

பண்ணையார் தாண்டவராயனுக்கு இப்போது அறுபத்தாறு வயது. ரத்த அழுத்தம் நூற்று முப்பதைத் தாண்டுவதில்லை. படுத்தால் தூக்கம், எழுந்தால் பசி. ஐந்து வருஷத்துக்கு முன்னால், "இந்த ஆள் அடுத்த பொங்கலைப் பார்க்க மாட்டார்" என்று எங்கள் டாக்டர் என் காதில் சொன்னார். டாக்டர் வாக்கு பொய்த்தது. பொய்க்க வைத்தவன் நான். அதனால் மூச்சைக் கவனிக்கும் புத்த தியானத்தால் உடம்புக்கு இன்னின்ன நன்மை என்று யாராவது ஆரம்பித்தால் நான் குறுக்கே பேச மாட்டேன். அத்தனை நன்மையும் உண்மை. ஒவ்வொன்றையும் என் கையால் அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன்.

என் பெயர் தேவசகாயம். சொந்த ஊர் திண்டிவனம். விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை. என் தாத்தா திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சேரியில் பிறந்தவர். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் என் அப்பாவைச் சேர்த்தார், அப்பா என்னைப் படிக்க வைத்தார். நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு விழுப்புரம் வந்துவிட்டேன். இங்கே யாரும் என் பூர்வோத்தரத்தைக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்யாமல் விட்ட ஒரு காரியம் வரும். அதற்கு இதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதையும் யாரும் தேட வேண்டாம்.

1943, ஆடி மாதம். யுத்தத்தால் மயக்க மருந்து கிடைக்காத சமயம். திருவாமாத்தூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து விருத்தாசலம் என்றொருவன் காலில் புரையோடிய புண்ணோடு வந்தான். அவன் என்றே எழுதுகிறேன். அன்று அப்படித்தான் கூப்பிட்டேன். இன்றைக்கு 'அவர்' போட்டு நல்ல பேர் வாங்க எனக்கு விருப்பமில்லை. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும், எல்லாரையும் போல் காடு மலை எல்லாம் நடந்தே ஊர் வந்து சேர்ந்திருந்தான். புண் அந்த நடையில் வந்தது. எலும்பு வரைக்கும் சுரண்ட வேண்டும், நாலு பேரைக் கூப்பிட்டு அமுக்கிப் பிடி என்றார் டாக்டர்.

"புடிக்க வேணாங்கய்யா" என்றான் விருத்தாசலம். "கொஞ்சம் நேரம் குடுங்க. ஒக்காந்துக்கிறேன்."

கண்ணை மூடி உட்கார்ந்தான். டாக்டர் சுரண்டினார். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணினேன். எழுபது. கத்தி எலும்பைத் தொட்டு கரகரவென்று சத்தம் வந்தபோதும் எழுபதுதான்.

கட்டுப் போடும்போது, "வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"வலிச்சிதுங்க. நல்லாவே வலிச்சிது. அது பாட்டுக்கு வலிச்சிக்கினு இருந்திச்சி. நான் மூக்கு நுனியில ஒக்காந்துக்கினு பாத்துக்கினு இருந்தேன்."

துருவித் துருவிக் கேட்டேன். ரங்கூனில் ஒரு முறை கப்பலிலிருந்து விழுந்து கால் உடைந்தபோது, ஒரு கிழட்டு புத்த பிக்கு தன் மடத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டாராம். அவர் கற்றுக்கொடுத்ததாம். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூக்கு நுனியில் கவனிக்க வேண்டும். ஒன்று முதல் பத்து வரை எண்ண வேண்டும். நினைப்பு வேறெங்காவது ஓடினால் திரும்ப ஒன்றிலிருந்து. அது பழகினதும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பை இடம் இடமாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். எரிச்சலோ குளிர்ச்சியோ வலியோ எது இருந்தாலும் பார்க்க வேண்டும், தள்ளக் கூடாது, பிடித்து வைக்கவும் கூடாது. இவ்வளவுதான். மந்திரம் கிடையாது, பூசை கிடையாது.

"வழியில எத்தினியோ பேரு உழுந்து செத்தாங்க. நான் அடுத்த மூச்சி வருதான்னு மட்டும் பாத்துக்கினே வந்தேன். வந்துகினே இருந்திச்சி" என்றான்.

அதே வாரத்தில்தான் பண்ணையார் வந்தார். விருத்தாசலம் பிறந்த சேரிக்கும் அதைச் சுற்றிய நஞ்சைக்கும் அவர்தான் சொந்தக்காரர். வண்டியிலிருந்து இறங்கும்போதே வண்டிக்காரனை உதைத்துவிட்டு உள்ளே வந்தார். அழுத்தம் இருநூற்றுப் பத்து. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு இருபத்தாறு மூச்சு விட்டார். கோபம் தலைக்கேறினால் மூளையில் நரம்பு வெடித்துவிடும் என்று டாக்டர் சொன்னார். "யாருக்கு வெடிக்கும், எனக்கா?" என்று கேட்டு டாக்டர் மேஜையில் குத்தினார் பண்ணையார். அந்தக் குத்துக்கே அவருக்கு இரண்டு நிமிடம் இரைத்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. விருத்தாசலத்தின் நாடியைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த நாயா? சொல்லாம கொள்ளாம ரங்கூனு ஓடனவனாச்சே" என்றார். ஆனால் சாவு பயம் யாரை விட்டது. மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார், அவனைக் கூட்டிக்கொண்டு என்னையும் வரச் சொன்னார்.

போகும் வழியில் விருத்தாசலத்திடம், சொல்லிக்கொடுப்பாயா என்று கேட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும், தாங்கித் தாங்கி அவனும் நடந்தோம்.

"ஆண்டைக்குக் கோவம் போயிட்டா அடி போயிடும் இல்லீங்களா?" என்றான்.

"போயிடும்" என்றேன். இருவருமே அதை நம்பினோம். கோபத்தினால்தான் மனுஷன் அடிக்கிறான் என்று நினைத்த இரண்டு முட்டாள்கள் அன்றைக்கு அந்த வண்டிப்பாதையில் போனோம்.

அவனுக்கு அதில் பெரிய ஆதாயம் இருந்தது. பெண்டாட்டி சின்னபொண்ணு பண்ணை மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுகிறவள். அவன் ரங்கூனில் இருந்த ஏழு வருஷமும் அவன் ஓடிப்போனதற்குச் சேர்த்து அவள் அடி வாங்கியிருக்கிறாள். திண்டிவனத்தில் நிலக்கடலை உடைக்கிற ஒரு மல்லாட்டை மில்லில் ரங்கூன் கூட்டாளி ஒருவன் மேஸ்திரியாக இருந்தான், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தான். ஆனால் பண்ணையில் பிறந்தவர்கள் பண்ணையார் வாயால் 'போ' என்று சொல்லாமல் போக முடியாது. போனால் தடியோடு ஆள் வந்து இழுத்துப் போகும். அந்த ஒரு 'போ'வைப் பெண்டாட்டிக்கு வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் அவன் கணக்கு.

அந்தப் பண்ணையில் புளியமிளாறு அடி தவிர வேறொரு தண்டனையும் உண்டு என்று அப்போதுதான் சொன்னான். மாட்டுக்குக் கழனித் தண்ணீர் ஊற்றி வைக்கும் கல்தொட்டியில் ஆளின் தலையை அமுக்குவார்கள். பண்ணையார் தன் மூச்சைப் பத்து வரை எண்ணுவார். பத்து ஆனதும் விட்டுவிடுவார்கள். அவருடைய அப்பா காலத்து ஏற்பாடாம்.

"அய்யோ" என்றேன்.

விருத்தாசலம் சிரித்தான். "அது ஒண்ணும் இல்லீங்கய்யா. அவுரு கோவத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு எரைப்பாரு. பத்து மூச்சி ஜல்தியா ஓடிப்பூடும். நான் நாலு வாட்டி, அவ ரெண்டு வாட்டி. மூஞ்சி கழுவனாப்பல எழுந்து வருவோம். மிளாறுக்குத் தொட்டி தேவலாம்னு சேரியில சொல்லிக்குவாங்க."

நானும் சிரித்தேன்.

பாடம் நடந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். தொழுவத்துக்கு எதிரே வாசலில் ஒரு பலகை போட்டுப் பண்ணையார் உட்காருவார். சேரி ஆள் அவரிடம் பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேச வேண்டும். அவன் மூச்சு அவர்மேல் பட்டால் தீட்டு. ஆகவே விருத்தாசலம் பத்தடி தள்ளி, குனிந்து, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தான். பாதி வார்த்தை விரலிடுக்கிலேயே நின்றுவிடும். நான் பக்கத்தில் நின்று அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்வேன். என் மூச்சு அவர் காதிலேயே பட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட மூச்சுக்குத் தீட்டு இல்லை.

"மூக்கு நுனியில கவனம் வெக்கணுங்க ஆண்டே. மூச்ச இழுக்க வேணாம், புடிக்க வேணாம். அதுவா வர்றத பாருங்க. பாக்கப் பாக்க அதுவே நீண்டுக்கும்."

நான் திருப்பிச் சொல்வேன்.

"எந்தச் சத்தம் கேட்டாலும் அது பின்னால போவாதீங்க. சத்தம்னு மட்டும் நெனைச்சிக்கினு மூச்சிக்கே திரும்பி வந்துடுங்க. யாரு கத்தினாலும் சரி."

அதையும் நான்தான் திருப்பிச் சொன்னேன். என் குரல் நல்ல குரல், ஞாயிற்றுக்கிழமை மாதிரிக்குக் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கிற குரல்.

பண்ணையாருக்கு ஒரு குணம், ஒன்றைப் பிடித்தால் விட மாட்டார். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்கார்ந்தார். சனிக்கிழமைதோறும் நான் சைக்கிளில் போய் அளந்து எழுதினேன். ஆடியில் இருபத்தாறு மூச்சு. ஆவணிக் கடைசியில் பதினெட்டு. ஐப்பசியில் ஒன்பது. கார்த்திகையில் ஆறு. அழுத்தம் இருநூற்றுப் பத்திலிருந்து நூற்று நாற்பதுக்கு வந்தது. தூக்க மாத்திரையை நிறுத்தினோம். மூலம்கூடக் கொஞ்சம் அடங்கியது என்றார். டாக்டர் பிரமித்துப்போய் ஏதோ மருத்துவப் பத்திரிகைக்கு எழுதப் போவதாக என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

நாலு மாதமாகப் பண்ணையில் ஒருவருக்கும் அடி விழவில்லை. இதை நான் நோட்டில் எழுதவில்லை, சேரியில் எல்லாரும் சொன்னார்கள். சின்னபொண்ணு ஒரு நாள் நான் கிளம்பும்போது வேலியோரம் வழிமறித்து, வேகவைத்த மல்லாட்டையை ஒரு இலையில் கட்டி சைக்கிளில் வைத்தாள். முப்பது வயதிருக்கும், வெற்றிலைக் காவி ஏறிய பல், வாய்த் துடுக்கு அதிகம்.

"எங்கூட்டுக்காரரு மருந்து ஒங்க பாட்டில் மருந்தவிட நல்லா வேல செய்யுது பாத்தீங்களா" என்றாள். "நீங்க அவுரு கிட்ட கம்பவுண்டரா சேந்துக்கினா இன்னா?"

"தையில திண்டிவனம் போறீங்களாமே?"

"மூட்ட கட்டி வெச்சிட்டேன். ஆண்டை தை பொறக்கட்டும்னு சொல்லிக்கிறாரு. அங்க வந்தா ஒங்க ஊட்டுக்கு வருவேன். உள்ள உடுவீங்களா?"

கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு என் தாத்தாவைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று சந்தேகம் வந்தது. சைக்கிளில் ஏறினேன்.

கார்த்திகையிலேயே ஒன்று நடந்தது, அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூளை இல்லை. கிணறு வெட்டும்போது மண் சரிந்து சேரி ஆள் ஒருவன் செத்தான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து வாசலில் விழுந்தாள். பண்ணையார் ஒன்றும் தரவில்லை. அன்று நான் அழுத்தம் பார்க்கும்போது சந்தோஷமாகச் சொன்னார்.

"முன்ன இருந்தா மனசு கேக்காம ரெண்டு மரக்கா நெல்லாச்சும் அளக்கச் சொல்லியிருப்பேன். இன்னிக்கும் நெஞ்சில அந்தக் கஷ்டம் வந்திச்சி. எரக்கம். சும்மா பாத்துக்கினே இருந்தேன். கொஞ்ச நேரத்துல அதுவா போயிடுச்சிப்பா. கோவம் மாதிரியேதான் அதுவும். வருது, போவுது."

'மன உளைச்சல் அறவே இல்லை' என்று எழுதினேன்.

இதை விருத்தாசலத்திடம் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

"எல்லா உசுரும் நல்லா இருக்கணும்னு நெனைச்சிக்கினுதான் மூச்சப் பாக்க ஆரம்பிக்கணும்னு பொங்கி சாமி மொதல் நாளே சொல்லிக் குடுத்தாரு" என்றான். பிக்குவை ரங்கூன்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "அத்த நான் ஆண்டைக்குச் சொல்லலீங்க."

"ஏன் சொல்லல?"

"எங்க மேல எரக்கப்படுங்கன்னு அவுருக்கு நான் எப்பிடிங்கய்யா பாடம் சொல்றது? வாயப் பொத்திக்கினு?"

அது நியாயம்தான். அந்தப் பாடத்தை நான் சொல்லியிருக்கலாம், எனக்கு வாய் பொத்தியிருக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

மார்கழிக் கடைசி சனிக்கிழமை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பண்ணையார் பலகையில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன், இன்னொரு கையில் கடியாரம். நிமிடத்துக்கு நாலே மூச்சு. இவ்வளவு குறைந்து நான் பார்த்ததே இல்லை. விருத்தாசலம் தன் பத்தடி தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

சின்னபொண்ணு சாணிக் கூடையைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொழுவத்திலிருந்து வந்தாள். காற்று அவள் பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் வீசியது. தும்மினாள். கூடையில் இரண்டு கையும் இருக்கும்போது வாயைப் பொத்த மூன்றாவது கைக்கு எங்கே போவாள். ஒரு துளி பண்ணையார் கன்னத்தில் விழுந்தது. நான் பார்த்தேன்.

பண்ணையார் மெல்லக் கண்ணைத் திறந்தார். மேல்துண்டால் கன்னத்தைத் துடைத்தார். அடிவயிற்றிலிருந்து கத்துவார் என்று காத்திருந்தேன். நாடி அப்படியே இருந்தது.

"விருத்தாசலம், பாத்தியா?" என்றார். "முன்ன மாதிரி இருந்தா இந்நேரம் நான் எரைச்சிக்கினு கெடப்பேன். இப்ப ஒண்ணுமே வரலடா. மூக்கு நுனியிலதான் இருக்கேன்."

"சந்தோஷங்க ஆண்டே" என்றான் அவன் கைக்குள்ளிருந்து. நம்பிக்கை வந்துவிட்டது அவனுக்கு. "தெரியாம பண்ணிட்டா. உட்டுடுங்க ஆண்டே."

"கோவத்துல பண்றது வேற, மொறைக்குப் பண்றது வேற. கோவம் போயிடுச்சின்னு மொற போயிடுமா?" பண்ணை ஆட்கள் இரண்டு பேரைப் பார்த்து, தொட்டியைக் காட்டினார். பிறகு என்னிடம், "கைய எடுக்காத. அவள அமுக்கும்போது நாடி ஏறுதான்னு பாரு. ஏறலன்னா எழுதிக்கோ. டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார்.

யாரும் பதறவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சின்னபொண்ணுகூடப் பதறவில்லை. கூடையை இறக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, முடியை அள்ளி முடிந்து, தானாகவே தொட்டியிடம் போனாள். புருஷனைப் பார்த்து லேசாக முகத்தைச் சுளித்துக் காட்டினாள், இன்றைக்குத் தலைகுளிக்க வேண்டும் என்பது போல. அவளுக்குத் தெரிந்த பத்து மூச்சு, கோபக்காரப் பண்ணையாரின் பத்து மூச்சு. அரை நிமிடம்கூட ஆகாது. அதற்கு வேண்டிய காற்றை மட்டும் இழுத்துக்கொண்டு குனிந்தாள். இரண்டு பேரும் கழுத்தைப் பிடித்து அமுக்கினார்கள்.

பண்ணையார் கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணு" என்றார்.

என் கையில் கடியாரம். பதினைந்து விநாடி.

"ரெண்டு."

அரை நிமிடம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாலே மூச்சு நிமிடத்துக்கு. பத்து மூச்சுக்கு இரண்டரை நிமிடம். அந்த வாசலில் நின்றவர்களில் இந்தக் கணக்கைத் தெளிவாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான்தான் வாராவாரம் எழுதியவன்.

"மூணு" என்பதற்குள் சின்னபொண்ணின் கால்கள் மண்ணை உதைக்க ஆரம்பித்தன. விருத்தாசலம் வாயிலிருந்து கையை எடுத்தான்.

"ஆண்டே, ஜல்தியா எண்ணுங்க" என்றான். "ஆண்டே, மூச்ச ஜல்தியா உடுங்க. போதும் ஆண்டே. அவ செத்துப்பூடுவா."

அவனை வேறு இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் கத்தினான். பண்ணையாரின் புருவம் ஒரு தடவை சுருங்கியது. பிறகு விரிந்தது. எனக்குத் தெரியும் உள்ளே என்ன நடந்தது என்று. சத்தம். சத்தம் என்று நினைத்துக்கொண்டு மூச்சுக்கே திரும்பிப் போய்விட்டார். யாரு கத்தினாலும் சரி.

"நாலு."

அவள் குடித்த கழனி குமிழியாக மேலே வந்தது. அமுக்கிப் பிடித்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணி முடியாமல் விட அவர்களுக்கு உரிமை இல்லை. கோட்டு போட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. பண்ணையார் மணிக்கட்டை ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும், கண்ணைத் திறந்திருப்பார். சேரிக்காரிக்காக நீ ஏன் துடிக்கிற, நீ யாரு என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். விரலை நாடியிலிருந்து எடுக்காமல் நின்றேன். அறுபத்தெட்டு.

ஆறாவது மூச்சில் கால்கள் நின்றன. அதற்கப்புறமும் நாலு மூச்சு இருந்தது. ஒவ்வொன்றும் நீளமாக, அமைதியாக, மூக்கு நுனியில் போய் வந்தது.

"பத்து." கண்ணைத் திறந்தார். "நாடி எவ்ளோப்பா?"

"அறுபத்தெட்டு" என்றேன். அவளை அமுக்கியதிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது.

தை பிறந்ததும் விசாரணை வந்தது. விருத்தாசலம் எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து மனுப் போட்டிருந்தான். விசாரிக்க வந்த அதிகாரி திண்டிவனத்தில் முகாமிட்டிருந்தார். வெளியூர்க்காரர், மோசமானவரும் இல்லை. சாட்சிகளைக் கூப்பிட்டுக் கேட்டார். வலிப்பு வந்து தொட்டியில் விழுந்தாள் என்றார்கள் பண்ணை ஆட்கள். தண்டனையாக அமுக்கினார்கள், பத்து மூச்சு நேரம் அமுக்கினார்கள் என்றான் விருத்தாசலம்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீர் அங்கே இருந்தீரே. எவ்வளவு நேரம்?"

"பத்து மூச்சு நேரம்" என்றேன். பொய் இல்லை.

அவர் தன் மேஜைமேல் கடியாரத்தைக் கழற்றி வைத்தார். எல்லார் முன்னாலும் தானே பத்து மூச்சு விட்டுப் பார்த்தார். முப்பத்தெட்டு விநாடி. அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பத்தெட்டு விநாடி உட்கார்ந்தும் பார்த்தார். சுலபமாக முடிந்தது. இந்த நேரத்தில் நல்ல தேகக்கட்டுள்ள ஒருத்தி சாக மாட்டாள், ஆகவே வலிப்புதான் என்று எழுதினார். இப்படிப்பட்ட தண்டனைகள் கூடாது என்று பண்ணையாருக்கு ஒரு எச்சரிக்கையும் எழுதினார். என் கோட்டுப் பையில் நோட்டு இருந்தது. மார்கழிக் கடைசி சனி, மூச்சு நிமிடத்துக்கு நாலு என்று அதில் என் கையெழுத்திலேயே இருந்தது. நான் மூச்சு விடவில்லை.

வெளியே வந்தேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் விருத்தாசலம் நின்றிருந்தான். ஒரு மூட்டை வைத்திருந்தான். அவள் கட்டி வைத்த மூட்டையாகத்தான் இருக்கும், பெண் பிள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தான்.

"மில்லுக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது.

"ஆண்டை போன்னு சொல்லிட்டாருங்க" என்றான். "ஒண்ணு கேக்கணும் ஒங்கள. ஒங்க நோட்டுல எவ்ளோன்னு எழுதிக்கிறீங்க?"

"எது?"

"ஆண்டை மூச்சி. அன்னிக்கு. ஒரு நிமிசத்துக்கு."

"பதினாறு" என்றேன். அதிகாரியின் முப்பத்தெட்டு விநாடிக் கணக்கில் வருவது அது. யாருமில்லாத சாலையில், எழுதிக்கொள்ள ஆளில்லாத இடத்திலும் எனக்குப் பொய்தான் வந்தது.

அவன் மூட்டையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நானும் எண்ணிக்கினுதாங்க இருந்தேன்" என்றான். "எண்ற பழக்கம் போவ மாட்டேங்குது. அவுருக்குப் பத்து ஆவறதுக்குள்ள எனக்கு அறுவத்தி மூணு மூச்சி ஆச்சி. நாந்தாங்க நீட்டி உட்டேன். இருவத்தாறா இருந்தத நாந்தான் நாலா ஆக்கி உட்டேன். எனக்குத் தெரிஞ்சிதான் கேட்டேன். நீங்க சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

பேசப் பேச அவன் இன்னும் ஓரடி கிட்டே வந்திருந்தான். கை இரண்டும் மூட்டையில் இருந்தன, வாய் பொத்தவில்லை. ரங்கூனில் அவன் யாரிடமும் பொத்தியிருக்க மாட்டான். அவன் மூச்சு என் முகத்தில் பட்டது. சூடாக இருந்தது, அழுத மூச்சு.

நான் பின்னால் நகர்ந்தேன். வேண்டுமென்று நகரவில்லை, கால் தானாக ஓரடி பின்னால் போயிற்று. அந்த வாசலில் அஞ்சு மாதம் நின்ற பழக்கமோ, வெள்ளைக் கோட்டோடு வந்த பழக்கமோ. என் தாத்தா பிறந்த சேரி அங்கிருந்து மூணு மைல்.

விருத்தாசலம் என் காலைப் பார்த்தான். பிறகு மூட்டையைக் கீழே வைத்தான். வலது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டான்.

"மன்னிச்சிக்குங்க ஐயா" என்றான்.